தோப்பு வீட்டுக்கு இணையம்: முதலில் அளவு, பிறகு செலவு

"எந்தக் கம்பெனி சிம் வாங்கலாம்?" என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "வீட்டில் எந்த இடத்தில் உட்கார்ந்து பேசுவீர்கள்?" சிலருக்குக் கோபம்கூட வருகிறது. ஆனால் எங்கள் பேராவூரணிப் பக்கத்துத் தென்னந்தோப்புகளில் ஒரே வீட்டின் திண்ணையில் ஒரு கம்பெனி எடுக்கும், கொல்லைப்புறத்தில் இன்னொன்று எடுக்கும், அடுப்படியில் எதுவுமே எடுக்காது. பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று சிம்மை மாற்றுவதும், மச்சான் சென்னையிலிருந்து அனுப்பினார் என்று ரவுட்டரை வாங்கி மாட்டுவதும் வீண் செலவு.

நான் ரேடியோ, டி.வி. பழுது பார்க்கும் கடை வைத்துப் பிழைத்தவன். 1980களில் இந்தக் கடலோரத்தில் இலங்கையின் ரூபவாகினியைப் பிடிப்பதற்காக வீட்டுக்கு வீடு உயரமான இரும்புக் குழாயில் ஆன்டெனா கட்டினார்கள். அதில்தான் என் தொழில் தொடங்கியது. பிறகு கேபிள் வந்தது, டிஷ் வந்தது. இப்போது வருகிற அழைப்பெல்லாம் "நெட் வரவில்லை" என்பதுதான். சாமான்கள் மாறினவே தவிர வேலை மாறவில்லை. அலை எந்தத் திசையிலிருந்து வருகிறது, நடுவில் எது மறிக்கிறது, நம் கைக்கு எவ்வளவு மிஞ்சுகிறது என்று பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

கோடுகளை நம்பாதீர்கள்

போனின் மேல் ஓரத்தில் தெரியும் சிக்னல் கோடுகளை ஒவ்வொரு தயாரிப்பாளரும் தன் இஷ்டத்துக்கு வரைகிறார். ஒரே இடத்தில் ஒரே கம்பெனி சிம் போட்ட இரண்டு போன்களில் ஒன்று மூன்று கோடு காட்டும், மற்றது ஒரு கோடு காட்டும். நமக்கு வேண்டியது எண். ஆண்ட்ராய்டு போனில் அமைப்புகளுக்குள் போய், போனைப் பற்றிய பகுதியில் சிம் நிலையைத் திறந்தால் சிக்னல் வலிமை டி.பி.எம். கணக்கில் இருக்கும். பல போன்களில் *#*#4636#*#* என்று அடித்தாலும் வரும். ஐபோனில் *3001#12345#* என்று போட்டு அழைப்புப் பொத்தானை அழுத்த வேண்டும். அங்கே ஆர்.எஸ்.ஆர்.பி. (RSRP) என்ற வரியைத் தேடுங்கள், டவரிலிருந்து வரும் சிக்னலின் வலிமை அதுதான்.

இந்த எண் எப்போதும் மைனஸில்தான் இருக்கும். சுழியை நெருங்க நெருங்க நல்லது. மைனஸ் 85 என்றால் கவலையே இல்லை. மைனஸ் 95 முதல் 105 வரை காரியம் நடக்கும். 110ஐத் தாண்டினால் பேச்சு விட்டுவிட்டுக் கேட்கும். 120 என்றால் போன் டவரைத் தேடித் தேடியே பேட்டரியைத் தின்றுவிடும். மூன்று எண் முன்னேறினால் சிக்னல் இரு மடங்கு, பத்து எண் முன்னேறினால் பத்து மடங்கு. ஆகவே மைனஸ் 112இலிருந்து 102க்கு வருவது சின்ன விஷயம் அல்ல.

ஒரு தாளை எடுத்து வீட்டின் படத்தைக் கோணல்மாணலாகவாவது வரைந்துகொள்ளுங்கள். திண்ணை, கூடம், அடுப்படி, மாடி, தண்ணீர்த் தொட்டியின் மேல், கிணற்றடி என்று ஒவ்வோர் இடத்திலும் ஒரு நிமிடம் நின்று எண்ணைக் குறியுங்கள். போனைத் தூக்கிக்கொண்டு நடந்தபடியே பார்த்தால் எண் பின்தங்கி வரும். வீட்டுக்கு வருகிற உறவினர், தேங்காய் வெட்ட வருகிறவர், பால்காரர் என்று யாரிடம் வேறு கம்பெனி சிம் இருந்தாலும் போனைக் கொஞ்ச நேரம் வாங்கி அதையும் குறித்துக்கொள்ளுங்கள். இது காசு செலவில்லாத வேலை. ஆனால் இதைச் செய்துவிட்டு என்னிடம் வருகிறவர்கள் மிகக் குறைவு.

தாளில் இரண்டாவது பத்தி ஒன்றும் வேண்டும். அது இரவு எட்டு, எட்டரை மணிக்கு எடுத்த வேகம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் மைஸ்பீடு செயலியில் பார்க்கலாம். சிக்னல் எண் மைனஸ் 88 என்று பிரமாதமாக இருக்கும், வேகமோ நகரவே நகராது. அது டவரில் கூட்டம். ரேஷன் கடைக்கு எவ்வளவு பக்கத்தில் வீடு இருந்தாலும் வரிசையில் நின்றுதானே ஆக வேண்டும்? அந்த நோய்க்கு ஆன்டெனா மருந்தல்ல. வேறு கம்பெனியோ வேறு டவரோதான் மருந்து. காலை ஆறு மணிக்கு நன்றாக ஓடி இரவில் படுத்துவிட்டால் கூட்டம் என்று முடிவு செய்யலாம். எந்நேரமும் படுத்தே கிடந்தால்தான் சிக்னல் குறைவு. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் யாராவது உங்களுக்குச் சாமான் விற்க வந்தால் அவரைத் திண்ணையோடு அனுப்பிவிடுங்கள்.

டவர் எங்கே நிற்கிறது?

2017இல் தொலைத்தொடர்புத் துறை 'தரங் சஞ்சார்' என்ற இணையதளத்தைத் திறந்தது. டவர் கதிர்வீச்சு பற்றிய பயத்தைப் போக்கத்தான் அதைத் தொடங்கினார்கள். நமக்கு அதன் பயன் வேறு. உங்கள் ஊரின் இடத்தைக் கொடுத்தால் சுற்றியுள்ள டவர்கள் எங்கே நிற்கின்றன, அவற்றில் எந்தெந்தக் கம்பெனிகள் ஏறியிருக்கின்றன என்று வரைபடத்தில் தெரியும். கம்பெனிகளும் இப்போது டிராய் விதிப்படி தங்கள் தளங்களில் சிக்னல் பரப்பு வரைபடங்களை வெளியிட வேண்டும். அவற்றில் ஊர் முழுவதும் ஒரே வண்ணம் பூசியிருக்கும். உங்கள் தோப்பு அவர்களுக்குத் தெரியாது. திசையை அறிய மட்டும் வரைபடம், முடிவுக்கு உங்கள் தாள்.

அலைவரிசையையும் கவனிக்க வேண்டும். 700, 850, 900 மெகாஹெர்ட்ஸ் அலைகள் மரத்தையும் சுவரையும் ஓரளவு ஊடுருவிக்கொண்டு தூரம் வரும். 2300 மெகாஹெர்ட்ஸ் நிறையச் சரக்கைச் சுமக்கும், ஆனால் நான்கு வரிசைத் தென்னையைத் தாண்டுவதற்குள் களைத்துவிடும். மழை பெய்து கீற்றெல்லாம் நனைந்திருந்தால் இன்னும் மோசம். "மழைக்குப் பிறகு நெட் படுக்கிறது" என்று சொல்கிற வீடுகளில் பாதிக்குக் காரணம் இந்த ஈரக் கீற்றுதான். ஜியோ 4ஜி 850, 1800, 2300 மூன்றிலும் வருகிறது. பி.எஸ்.என்.எல். 4ஜி 700, 2100 இரண்டிலும் வருகிறது. பழைய போன்கள் சிலவற்றுக்கு 700 புரியாது. சிம்மைக் குறை சொல்வதற்கு முன்னால் உங்கள் போன் எந்தெந்த அலைவரிசைகளை எடுக்கும் என்று பார்த்துவிடுங்கள்.

5ஜி பற்றி ஒரு வார்த்தை. ஊர் எல்லையில் 5ஜி மெல்லியதாகத் தலைகாட்டினால் போன் அதைப் பிடிப்பதும் விடுவதுமாக அல்லாடும். பேசிக்கொண்டிருக்கும்போதே துண்டிக்கும். அமைப்புகளில் 4ஜியோடு நிறுத்திவிடுங்கள். பல வீடுகளில் இந்த ஒரு மாற்றத்தோடு என் வேலை முடிந்துவிட்டது. கூலி கேட்க வாய் வரவில்லை.

பேசினால் போதும் என்பவர்களுக்கு

வீட்டில் ஏதாவது ஒரு பிராட்பேண்ட் இருக்கிறது, ஆனால் போனில் பேச மாடிக்கு ஓட வேண்டியிருக்கிறது என்றால் போனில் வைஃபை அழைப்பை இயக்குங்கள். ஏர்டெல் 2019 டிசம்பரிலும் ஜியோ 2020 ஜனவரியிலும் இதைக் கொண்டுவந்தன. தனிக் கட்டணம் இல்லை. டவரே இல்லாத அறையிலும் சாதாரண எண்ணில் பேசலாம். இது அமைப்புகளுக்குள் ஒளிந்துகிடப்பதால் வயதானவர்களுக்குத் தெரிவதே இல்லை. உங்கள் அம்மாவின் போனில் இதை நீங்களே போட்டுக் கொடுத்துவிடுங்கள்.

கம்பெனி மாற்றுவதென்றால் எண்ணை மாற்ற வேண்டியதில்லை. போர்ட் என்று ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் அடித்து, இடைவெளி விட்டு உங்கள் எண்ணைப் போட்டு 1900க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் குறியீடு வரும். நான்கு நாட்களுக்குள் அதைப் புதிய கம்பெனியிடம் கொடுக்க வேண்டும். இப்போதைய கம்பெனியில் 90 நாட்கள் இருந்திருக்க வேண்டும் என்பதும் விதி. ஆனால் அவசரப்பட்டு மாறாதீர்கள். முதலில் அந்தக் கம்பெனியின் சிம் ஒன்றைத் தனியாக வாங்கி ஒரு மாதம் வீட்டில் ஓட்டிப் பாருங்கள். ஒரு மாத ரீசார்ஜ்தான் போகும். மாறிய பிறகு தவறு தெரிந்தால் மூன்று மாதம் மாட்டிக்கொள்வீர்கள்.

பூஸ்டர் வேண்டவே வேண்டாம்

சந்தையில் 'சிக்னல் பூஸ்டர்' என்று ஒரு பெட்டி விற்கிறார்கள். மாடியில் ஓர் ஆன்டெனா, நடுவில் பெட்டி, கூடத்தில் இன்னொரு சின்ன ஆன்டெனா. மாட்டினவுடன் உங்கள் வீட்டில் கோடுகள் நிறைந்துவிடும், உண்மைதான். அதே நேரத்தில் அந்தப் பெட்டி டவரை நோக்கி இரைச்சலைக் கத்திக்கொண்டிருக்கும். டவருக்கு மற்றவர்களின் போன் பேசுவது கேட்காது. தெருவே அழைப்பு போகாமல் தவிக்கும், காரணம் யாருக்கும் தெரியாது. உரிமம் இல்லாமல் இதை வைத்திருப்பது இந்தியாவில் சட்டவிரோதம். 1933ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டக் காலத்திலிருந்தே அப்படித்தான். 2023இன் தொலைத்தொடர்புச் சட்டமும் விடவில்லை. கண்டுபிடித்தால் வந்து கழற்றிக்கொண்டு போவார்கள். அபராதமும் உண்டு. இணையத்தில் வெளிப்படையாக விற்கிறார்களே என்று கேட்காதீர்கள். விற்கிறார்கள் என்பதால் மட்டும் அது சட்டப்படி சரியாகிவிடாது.

சிம் போடும் ரவுட்டருக்கு ஆன்டெனா வைப்பது வேறு. அது எதையும் பெருக்கிக் கத்துவதில்லை, காதைக் கொஞ்சம் நன்றாகத் திறந்து வைக்கிறது. அதைத் தாராளமாகச் செய்யலாம்.

மாடியில் ஏற்றுவது

உங்கள் தாளில் கூடத்தில் மைனஸ் 113, தொட்டியின் மேல் மைனஸ் 96 என்று இருக்கிறதா? அப்படியென்றால் இணையத்தைப் பிடிக்க வேண்டிய இடம் தொட்டியின் மேல்தான். பிடித்ததைக் கீழே கொண்டுவர இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி, ரவுட்டரைக் கூடத்தில் வைத்து மாடியிலிருந்து ஆன்டெனாக் கேபிள் இழுப்பது. இதில்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். ஆன்டெனாவோடு இலவசமாக வருகிற மெல்லிய கறுப்புக் கேபிள் 1800 மெகாஹெர்ட்ஸில் பத்து மீட்டருக்கு ஆறு, ஏழு டெசிபெல் தின்றுவிடும். ஆன்டெனா சேர்த்துக் கொடுப்பதே ஒன்பது, பத்துதான். மிச்சம் என்ன? விரல் தடிமன் கேபிளாக இருந்தால் அதே நீளத்தில் இரண்டுதான் போகும். ஆனால் விலையும் கூடும், வளைக்கவும் முடியாது. அதோடு ஓர் ஆன்டெனா போதாது. 4ஜி இரண்டு வழியில் பேசுவது. ஆகவே இரண்டு ஆன்டெனாக்களை ஒன்று வலப்பக்கமும் மற்றது இடப்பக்கமும் 45 பாகை சாய்த்து, ஒன்றுக்கொன்று குறுக்காகக் கட்ட வேண்டும்.

இரண்டாவது வழி, வெளியில் வைப்பதற்கென்றே செய்த ரவுட்டரை மாடியில் ஏற்றிவிட்டு அங்கிருந்து சாதாரண நெட்வொர்க் கேபிளைக் கீழே விடுவது. அதே கேபிளில் மின்சாரமும் மேலே போகும். நூறு மீட்டர் வரை ஒரு குறையும் வராது. கையில் காசு இருந்தால் நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். வாங்கும்போது இரண்டைப் பாருங்கள். எல்லாக் கம்பெனி சிம்மும் ஏற்குமா என்பது ஒன்று. உங்கள் டவரின் அலைவரிசைகள் அதில் இருக்கின்றனவா என்பது மற்றொன்று. வளைகுடாவிலிருந்து வருகிறவர்கள் கொண்டுவரும் ரவுட்டர்கள் சிலவற்றில் 850ஓ 2300ஓ இருக்காது. பிறகு அது பூச்சாடிக்கு மேடையாகத்தான் பயன்படும்.

திருப்புகிற வேலையை நிதானமாகச் செய்யுங்கள். குழாயை நன்றாக ஊன்றிவிட்டுக் கவ்வியைப் பாதி முறுக்கோடு விடுங்கள், கையால் திரும்ப வேண்டும். வரைபடத்தில் பார்த்த டவரின் திசைக்கு நேராக வைத்து, ரவுட்டரின் பக்கத்தைப் போனில் திறந்து எண்ணைப் பாருங்கள். ஒரு விரற்கடை திருப்பிவிட்டு அரை நிமிடம் கைகட்டி நில்லுங்கள். எண் உடனே மாறாது. மறுபடி ஒரு விரற்கடை. எண் ஏறி, நின்று, இறங்கத் தொடங்கும்போது ஏறிய இடத்துக்குத் திரும்புங்கள். ரூபவாகினி நாட்களில் நான் மொட்டை மாடியில் குழாயைத் திருப்ப, கூடத்திலிருந்து ஒருவர் "கொஞ்சம் கிழக்கே! போதும், போதும்! ஐயோ, போய்விட்டதே!" என்று கத்துவார். அந்தக் கத்தல் இப்போது இல்லை. ஒருவரே செய்துவிடலாம்.

வலிமை எண்ணோடு எஸ்.ஐ.என்.ஆர். என்ற எண்ணையும் பாருங்கள். அது இரைச்சலுக்கு மேல் சிக்னல் எவ்வளவு நிற்கிறது என்று சொல்வது. இது பத்துக்கு மேல் இருந்தால் நல்லது. சுழிக்குப் பக்கத்தில் இருந்தால் வலிமை எவ்வளவு இருந்தும் பயனில்லை. சில சமயம் பக்கத்து டவரைவிடத் தூரத்து டவரில் இந்த எண் நன்றாக இருக்கும். அங்கே திருப்புங்கள், மானக்கேடு ஒன்றுமில்லை.

கட்டி முடித்த பிறகு மூன்று காரியங்கள். வெளி இணைப்புகளின் மேல் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றுங்கள். இங்கே கடல் காற்று, ஒரே மழைக்காலத்தில் பித்தளை பச்சை பூத்துவிடும். கேபிள் வீட்டுக்குள் நுழைவதற்கு முன்னால் கீழே ஒரு தொய்வு விட்டு மேலே ஏறட்டும். அப்போதுதான் மழைத்தண்ணீர் தொய்வின் அடியில் சொட்டிப் போகும், இல்லையேல் கேபிள் வழியாக ரவுட்டருக்கே வந்துவிடும். இரும்புக் குழாயைத் தடித்த செம்புக் கம்பியால் தனியாக நிலத்தில் எர்த் செய்யுங்கள். அப்படியும் ஐப்பசி, கார்த்திகையில் இடி நெருங்கினால் ரவுட்டரின் மின் இணைப்பையும் கேபிளையும் பிடுங்கிவிடுவதே நல்லது.

ஃபைபர் கிடைத்தால் விடாதீர்கள்

கண்ணாடி இழை வீட்டுவரை வருமென்றால் மேலே சொன்னதெல்லாம் இரண்டாம்பட்சம்தான். ஊராட்சிகளுக்கு இழை கொண்டுபோகும் மத்திய அரசின் பாரத்நெட் திட்டத்தில் தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளையும் இணைக்கும் பொறுப்பு மாநில அரசு நிறுவனமான டான்ஃபிநெட்டிடம் இருக்கிறது. ஊராட்சி அலுவலகம்வரை இழை வந்திருந்தால் அங்கிருந்து வீடுகளுக்கு யார் கொடுக்கிறார்கள் என்று கேளுங்கள். பி.எஸ்.என்.எல். உள்ளூர்ப் பங்குதாரர்கள் மூலம் கொடுக்கிறது. பல ஊர்களில் பழைய கேபிள் டி.வி.க்காரரே கொடுக்கிறார்.

எல்லோரும் வேகத்தைத்தான் கேட்கிறார்கள். கேட்க வேண்டியவை வேறு. "உங்கள் ஓ.எல்.டி. எங்கே இருக்கிறது, அதற்கு பேட்டரி உண்டா, எத்தனை மணி நேரம் தாங்கும்?" இது முதல் கேள்வி. ஓ.எல்.டி. என்பது வீடுகளுக்கு இழையில் ஒளியை அனுப்புகிற, அவர்கள் பக்கத்துப் பெட்டி. வீட்டில் மின்சாரம் இருந்தும் அங்கே இல்லையென்றால் இணையம் இல்லை. "லைன் எந்த வழியாக வரும்?" இது இரண்டாவது. தென்னை மரத்திலிருந்து தென்னை மரத்துக்குத் தாவித் தாவி வரும் என்று பதில் வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். காய்ந்த மட்டை ஒன்று விழுந்தால் போதும், லைன் அறுந்துவிடும். மரம் காற்றில் ஆட ஆட இழை இழுபட்டு, அறுகாமலேயே நொந்து போவதும் உண்டு. அணில் கடிப்பது தனிக் கதை.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையேறியது. பேராவூரணி, பட்டுக்கோட்டைத் தோப்புகள் படுத்துவிட்டன. மின்சாரம் முழுதாக வரவே வாரக்கணக்கில் ஆனது. மரத்தோடு மரமாகக் கட்டியிருந்த கம்பியெல்லாம் மரத்தோடேயே போயிற்று. அதைப் பார்த்த பிறகும் மரத்தில் கட்டுகிறவர்களை என்ன சொல்வது? உங்கள் எல்லைக்குள் இரண்டு, மூன்று இரும்புக் குழாய்களைச் சொந்தச் செலவில் ஊன்றிக் கொடுங்கள். தெருவைக் கடக்கிற இடத்தில் உயரம் முக்கியம். வைக்கோல் ஏற்றிய லாரி வருகிற தெருவில் தாழ்வாகத் தொங்கும் லைன் அடுத்த அறுவடைவரை தாங்காது. கம்பத்தில் கட்டும்போது பத்து மீட்டர் இழையைச் சுருட்டி அங்கேயே தொங்கவிடச் சொல்லுங்கள். அறுந்தால் ஒட்டுவதற்கு அந்த மிச்சம் வேண்டும். ஒட்டும் இடம் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது.

இணைப்புக் கொடுக்க வருகிறவர் கையில் பவர் மீட்டர் என்று ஒரு சின்னக் கருவி இருக்கும். உங்கள் வீட்டில் இழையின் முனையில் எவ்வளவு ஒளி வருகிறது என்று அளக்கச் சொல்லுங்கள். மைனஸ் 15 முதல் 25 வரை நல்லது. 27ஐத் தாண்டினால் இன்றைக்கு ஓடினாலும் ஒரு மழையில் நின்றுவிடும். அந்த எண்ணையும் தேதியையும் ரவுட்டருக்குப் பக்கத்துச் சுவரில் பென்சிலால் எழுதிவைக்கச் சொல்கிறேன் நான். எங்கள் தெருவில் வீட்டிலிருந்து வேலை பார்க்கும் பெண் ஒருத்தி, "மாமா, சுவரைக் கெடுக்காதீர்கள்" என்று சண்டை போட்டாள். ஆறேழு மாதம் கழித்து இணையம் மந்தமானபோது வந்த பணியாள் "உங்கள் வைஃபை பிரச்சினை" என்று சொல்லிக் கிளம்பப் பார்த்தார். அவள் சுவரைக் காட்டினாள். அன்று மைனஸ் 19. இப்போது அளந்தால் மைனஸ் 26. அவர் மறு பேச்சின்றிக் கம்பத்தில் ஏறிப் பழுதான ஒட்டை மாற்றினார்.

வீட்டுக்குள் இருக்கும் இழையை மடிக்காதீர்கள், கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் நசுக்காதீர்கள். எல்.ஓ.எஸ். என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளி வரவில்லை என்று அர்த்தம், ரவுட்டரை எத்தனை தடவை அணைத்துப் போட்டாலும் பயனில்லை. கழன்ற இழை முனையைக் கண்ணருகே வைத்துப் பார்க்கக் கூடாது. வருவது கண்ணுக்குத் தெரியாத லேசர். பிள்ளைகளிடம் சொல்லிவையுங்கள்.

மின்சாரம்

நான் போகிற வீடுகளில் இணையம் போனதற்குக் காரணம் பெரும்பாலும் இணையமே அல்ல, மின்சாரம். பம்புசெட் ஓடத் தொடங்கும்போது வோல்டேஜ் விழும், ரவுட்டர் அணைந்து மறுபடி எழும். எழுந்து இணைப்புப் பிடிக்க இரண்டு, மூன்று நிமிடம். அதற்குள் பிள்ளையின் வகுப்பு போயிற்று. மாலையில் மட்டும் அடிக்கடி அணைந்து எழுந்தால் முதலில் அடாப்டரை மாற்றிப் பாருங்கள். வெயிலில் காய்ந்து தளர்ந்த அடாப்டர் செய்கிற சேட்டை அது. புதியதில் வோல்ட் அதேதான் இருக்க வேண்டும். ஆம்பியர் கூடுதலாக இருந்தால் பாதகமில்லை.

ரவுட்டருக்கென்றே 12 வோல்ட் சிறு யு.பி.எஸ். விற்கிறார்கள். உள்ளே சின்ன லித்தியம் பேட்டரிகள், வெளியே இரண்டு வயர். சாதாரண ஃபைபர் ரவுட்டர் ஏழெட்டு வாட்தான் இழுக்கும் என்பதால் மூன்று மணி நேரம்போல் தாங்கும். இணையத்துக்காகச் செலவழிக்கும் காசில் இதைவிடப் பயன்படும் செலவு எனக்குத் தெரியவில்லை. வீட்டில் பெரிய இன்வெர்ட்டர் இருந்தும் மின்சாரம் போகும்போது ரவுட்டர் அணைந்து எழுகிறதா? இன்வெர்ட்டரின் பின்பக்கம் யு.பி.எஸ். என்று ஒரு சுவிட்ச் இருந்தால் அந்தப் பக்கம் தள்ளுங்கள், மாறும் வேகம் கூடும். ஆனால் வோல்டேஜ் எப்போதும் குறைந்தே வருகிற ஊரில் அப்படி வைத்தால் இன்வெர்ட்டர் அடிக்கடி பேட்டரிக்குத் தாவி அதைத் தேய்த்துவிடும். அங்கே இன்வெர்ட்டரை அப்படியே விட்டுவிட்டுச் சிறு யு.பி.எஸ்.ஸையும் சேர்த்து வையுங்கள்.

டவருக்கும் பேட்டரிதான் உயிர். அதை அளக்க மின்வாரியமே நமக்கு ஒரு நாள் கொடுக்கிறது. மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை முதல் மாலைவரை மின்தடை என்று பத்திரிகையில் அறிவிப்பு வருமே, அந்த நாளில் இரண்டு கம்பெனி சிம்களையும் பார்த்துக்கொண்டே இருங்கள். எது பதினொரு மணிக்குச் செத்தது, எது சாயங்காலம்வரை நின்றது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஃபைபர் எப்போது போனது என்பதையும் சேர்த்துத்தான். அந்தத் தாள் சொல்வதை எந்த விளம்பரமும் சொல்லாது.

இரண்டு வழி

வேலை, படிப்பு, மருத்துவம் என்று இணையத்தை நம்பியிருக்கும் வீட்டுக்கு ஒரே இணைப்பு போதாது. ஃபைபர் ஒன்று, சிம் ஒன்று. இரண்டும் ஒரே கம்பெனியுடையதாக இருக்கக் கூடாது. இரண்டு சிம் என்றால் இரண்டும் ஒரே டவரில் ஏறியிருக்கின்றனவா என்று தரங் சஞ்சாரில் பார்த்துவிடுங்கள். ஒரே கம்பத்தில் நிற்கிற இரண்டு கம்பெனிகள் பேட்டரி தீரும்போது சேர்ந்தே போகும். தானாக மாறுகிற இரட்டை இணைப்பு ரவுட்டர்கள் இருக்கின்றன. ஆனால் ஃபைபர் போன நேரத்தில் போனின் ஹாட்ஸ்பாட்டைப் போட்டுக்கொள்ளத் தெரிந்தாலே பெரும்பாலானவர்களுக்குப் போதும்.

தெருவோர வீட்டில் ஃபைபர் இருக்கிறது, தோப்புக்குள் மோட்டார் கொட்டகையிலும் வேண்டும் என்றால் புதிய இணைப்பு தேவையில்லை. 5 கிகாஹெர்ட்ஸ் வெளிப்புற ரேடியோக்கள் ஜோடியாகக் கிடைக்கின்றன. 2018இல் இந்தப் பட்டையின் பெரும்பகுதிக்கு உரிமம் வேண்டாம் என்று அரசு விலக்கிவிட்டது. ஒன்று இங்கே, ஒன்று அங்கே, நடுவில் பார்வை மறையக் கூடாது. அதுதான் தோப்பில் சிரமம். வரப்போரமாகத் திறந்த வழி இருக்கிறதா என்று பாருங்கள். கொட்டகையின் தகரக் கூரைக்கு உள்ளே ரேடியோவை வைக்காதீர்கள், தகரம் அலையை விடாது. கண்காணிப்பு கேமரா மட்டும் என்றால் அதற்கு ஒரு சிம்மே போதும்.

செயற்கைக்கோள் இணையம் பற்றியும் கேட்கிறார்கள். ஸ்டார்லிங்குக்கு 2025 ஜூனில் இந்திய உரிமம் கிடைத்தது. அதற்குத் திறந்த வானம் வேண்டும். அடர்ந்த தென்னைக்கு நடுவில் இருக்கும் ஓட்டு வீட்டில் வானம் எவ்வளவு தெரிகிறது என்று அண்ணாந்து பார்த்துவிட்டு ஆசைப்படுங்கள்.

புகார் கொடுக்கும்போது

"நெட் வரவில்லை" என்று மட்டும் சொன்னால் "ரவுட்டரை அணைத்துப் போடுங்கள்" என்றுதான் பதில் வரும். "கூடத்தில் ஆர்.எஸ்.ஆர்.பி. மைனஸ் 90, இரவு எட்டு மணிக்கு வேகம் இல்லை, காலையில் இருக்கிறது" என்று சொல்லிப் பாருங்கள், எதிர்முனையில் இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார். மொபைலுக்கு 198இல் அழைத்துப் புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். எண் தராமல் அழைப்பை முடிக்க விடாதீர்கள். தீரவில்லை என்றால் அந்தக் கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு அந்த எண்ணைக் குறிப்பிட்டு எழுதலாம். ஒவ்வொரு கம்பெனியும் அப்படி ஓர் அதிகாரியை வைத்திருக்க வேண்டும். அதற்கும் அசையாவிட்டால் மத்திய அரசின் பொதுக் குறைதீர்ப்புத் தளத்தில் தொலைத்தொடர்புத் துறையைத் தேர்ந்தெடுத்துப் பதியுங்கள். தெருவில் பத்து வீட்டுக்காரர்கள் தனித்தனியாக, ஒரே வாரத்தில், ஆளுக்கொரு புகார் எண்ணோடு பதிந்தால் டவருக்கு ஆள் வருகிறது. பத்துப் பேர் கையெழுத்திட்ட ஒரே மனுவுக்கு அந்த அளவு மதிப்பில்லை. அவர்கள் கணக்கில் அது ஒரு புகார்தான்.